மழைமானியையும் சந்தேகப்படுங்கள்

முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கு. நாசாவின் ஐமெர்க் செயற்கைக்கோள் மழைத் தரவையும், கணினி வானிலை மாதிரியிலிருந்து வரும் ஈ.ஆர்.ஏ.5-லேண்ட் தரவையும் (இரண்டும் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் தருபவை) அங்குள்ள மழைமானிகளோடு ஒப்பிட வேண்டும். பைத்தான் நிரல் எழுத ஒரு வாரம் ஆனது. அது தந்த விடை ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம்!

முதல் அடி கடிகாரத்தில் விழுந்தது. ஐமெர்க்கின் ஒரு 'நாள்' யூடிசி எனும் உலகப் பொது நேரப்படி 0 மணிக்குத் தொடங்குகிறது. நேபாளத்தில் அப்போது காலை 5:45. அங்கே மழைமானியில் 24 மணி நேர அளவை எடுப்பதோ காலை 8:45-க்கு. பருவமழைக் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் இரவு மழை அதிகம். நேற்று இரவு பெய்தது செயற்கைக்கோளில் நேற்றைய தேதியிலும் மானியில் இன்றைய தேதியிலும் உட்கார்ந்திருக்கும். இது தெரியாமல், ஒட்டுறவு (இரண்டு தரவும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) கெட்டுப்போனதற்குச் செயற்கைக்கோளைத் திட்டிக்கொண்டிருந்தேன். தினசரிக் கோப்பை விட்டுவிட்டு, அரைமணித் தரவை இறக்கி யூடிசி 3 மணி (நேபாளத்தில் காலை 8:45) முதல் மறுநாள் 3 மணி வரை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் குளிர்காலம். பளிச்சென்று வெயில் அடிக்கும் ஒரு நாளில், காலை பத்து மணிக்கு மேல் மானி நிதானமாக மழை காட்டியது. செயற்கைக்கோளில் அன்று சுழியம். மேகத்தைத் தவறவிட்டுவிட்டது என்று எழுதவே போனேன். நல்லவேளையாக அதே நிலையத்தின் வெயில் கதிர்வீச்சுப் பதிவைத் திறந்து பார்த்தேன். இரண்டு நாள் முன்பு விழுந்த பனி, டிப்பிங் பக்கெட் மானியின் (புனல் வழியே விழும் நீரில் சிறு வாளி எத்தனை முறை கவிழ்கிறது என்று எண்ணும் வகை) புனலில் கிடந்து, வெயில் ஏறியதும் உருகிச் சொட்டியிருக்கிறது. விழுந்ததை அப்படியே எடைபோடும் எடை மழைமானியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் காற்று அதையும் விடாது; பனித்துகள் மானியின் வாய்க்கு மேலேயே பறந்து போய்விடும். காற்றுத் தடுப்பு இல்லாத மானி, பலத்த காற்றில் விழும் பனியில் பாதியைக்கூடத் தவறவிடலாம். பனியை அளக்கும் கருவிகளை ஒப்பிட்ட, உலக வானிலை அமைப்பின் ஸ்பைஸ் திட்டத்திலிருந்து வந்த திருத்தச் சமன்பாடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு வெப்பநிலையோடு காற்று வேகமும் வேண்டும். காற்றுமானி இல்லாத நிலையம் என்றால் பனிக்கால ஒப்பீட்டைத் தனியாகப் பிரித்து, எச்சரிக்கையோடு எழுதுங்கள்.

ஐமெர்க்கின் 'ஃபைனல்' பதிப்பில் மாதாந்தர மழைமானி அளவுகள் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. உங்கள் மானியும் அதில் இருந்தால், விடைத்தாளைப் பார்த்து எழுதிய பையனுக்கு அதே விடைத்தாளை வைத்து மார்க் போடுகிற கதைதான். அந்த மாத மானி அளவுகள் கலக்காமல் முன்னதாகவே வரும் 'லேட்' பதிப்பையும் சேர்த்துச் சோதியுங்கள்.

இனி கட்டத்தின் அளவு. சுமார் 3,860 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியாஞ்சின் கிராமமும், 7,200 மீட்டரைத் தாண்டும் லாங்டாங் லிருங் சிகரமும் ஐமெர்க்கின் ஒரே 0.1 பாகைக் கட்டத்துக்குள் வருகின்றன. கிட்டத்தட்ட நூறு சதுர கிலோமீட்டருக்கு ஒரே எண்! கீழே குண்டான் அகலமுள்ள ஒரு மானி. அதனால் 'பிழை' என்ற சொல்லை அடித்துவிட்டு 'வேறுபாடு' என்று மாற்றினேன். வழிகாட்டிக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு சரி என்றார்.

வாய்மொழித் தேர்வில் புள்ளியியலைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. மானியின் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பக்கத்தில் சுவர் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி வந்தது. நிலையத்தின் புகைப்படங்களைக் கடைசி நேரத்தில் பின்னிணைப்பில் சேர்த்திருந்ததால் தப்பித்தேன்.