வெட்டுப்பட்ட நியூரான் வலையில் எதை அளப்பது?

ஓசூர் சிப்காட்டில் லேசர் வெட்டு என்றால், இரும்புத் தகட்டை உருக்கி, உருகிய குழம்பை நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் வீச்சால் கீழே தள்ளும் கிலோவாட் இயந்திரம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கே வேலை பார்க்கும் என் தம்பி, நியூரான்கள் எனப்படும் நரம்பு செல்களின் வலையை லேசரால் வெட்டி, அதன் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் என் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிக் கேட்டபோது, "நரம்பை வெட்டறதுக்கு எத்தனை கிலோவாட் போடுவீங்க அக்கா?" என்றான். நியூரானிலிருந்து நீண்டு சமிக்ஞையைக் கொண்டுசெல்லும் இழைதான் ஆக்ஸான்; அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டியே இருக்கும். சூட்டினால் அதை வெட்டப் போனால் அக்கம்பக்கத்துச் செல்களும் சேர்ந்து வெந்துவிடும். ஆகவே 355 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா லேசரை, ஒரு நானோநொடிக்கும் குறைவான துடிப்புகளாக, நுண்ணோக்கியின் லென்ஸ் வழியாக ஒரே புள்ளியில் குவிக்கிறோம். வெப்பம் பரவ அவகாசம் கிடைப்பதற்குள் அந்தப் புள்ளியில் உள்ள பொருள் மட்டும் சிதைந்துவிடுகிறது.

எலிக்கருவின் மூளைப் புறணியிலிருந்து பிரித்தெடுத்த நியூரான்களை, செல்கள் ஒட்டிக்கொள்வதற்காகப் பாலிலைசின் பூசிய கண்ணாடித் தட்டில் வளர்க்கிறோம். முதல் வாரத்தில் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடிக்கும்; அப்படி ஒரு செல் எழுப்பும் ஒற்றை மின்துடிப்புதான் 'ஸ்பைக்'. இரண்டாம் வாரத்தில் இணைப்புகள் பெருகி, தட்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிந்து அடங்கும் 'பர்ஸ்ட்' தொடங்கும். தட்டின் தரையிலேயே 30 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள 60 மின்முனைகள் 200 மைக்ரோமீட்டர் இடைவெளியில் பதிக்கப்பட்டிருக்கும். திரையில் அறுபது சிறு கட்டங்களும் சில நொடிகள் வெறும் இரைச்சலைக் காட்டிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு மூலையில் கோடுகள் எழும்பி, கண் இமைக்கும் நேரத்திற்குள் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு ஓயும்.

லேசரை இயக்கியதும் ஆக்ஸானில் ஒரு சிறு இடைவெளி தெரியும். அறுந்த முனைகள் இரண்டும் பின்வாங்கும். செல்லின் உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு அதிகமாக வெளியே உள்ள கால்சியம், சவ்வு மூடிக்கொள்வதற்குள் உள்ளே பாய்ந்துவிடுகிறது. செல்லுடலிலிருந்து துண்டிக்கப்பட்ட பகுதி மணிமணியாக வீங்கிச் சிதையும். தவளையின் நாக்கு நரம்புகளில் உடலியலாளர் வாலர் 1850-இல் விவரித்ததும் இத்தகைய அழிவைத்தான். செல்லுடலோடு ஒட்டியிருக்கும் முனையோ மீண்டும் வளரக்கூடும். சி. எலிகன்ஸ் புழுவில் லேசரால் ஆக்ஸானை வெட்டி, அது வளர்ந்து இயக்கம் திரும்புவதை யானிக் குழுவினர் 2004-இல் காட்டினார்கள்.

ஓர் ஆக்ஸானை விட்டுவிட்டு, வலையையே நடுவில் ஒரு கோடாக வெட்டி இரண்டாக்கும்போதுதான் மின் பதிவு உண்மையில் சுவையாகிறது. இங்கே "வெட்டியபின் ஸ்பைக்குகள் குறைந்தன" என்று மட்டும் சொல்லி நிறுத்தும் முடிவுகளை நான் நம்புவதில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து சாலை அடைபட்டாலும் தருமபுரிக்குள்ளும் சேலத்துக்குள்ளும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நின்றுபோவது இரண்டுக்கும் இடையிலான வரத்து. வலையின் ஒவ்வொரு பாதியிலும் ஒன்றையொன்று தூண்டும் இணைப்புகள் மிஞ்சியிருப்பதால், பாதிகள் தனித்தனியே பர்ஸ்ட் எழுப்ப முடியும். எனவே எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, இடப்பக்கத்து பர்ஸ்டுக்குப் பின் எத்தனை மில்லிநொடியில் வலப்பக்கம் தொடர்கிறது, அந்த இடைவெளி வெட்டுக்கு முன் எப்படி இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தற்செயலாக ஒத்துப்போவதும் உண்டு என்பதால், ஒரு பக்கத்தின் நேரப் பதிவை வேண்டுமென்றே நகர்த்திவைத்து, அப்போதும் அதே அளவு ஒத்திசைவு தெரிகிறதா என்று சோதிப்பது கட்டாயம்.

ஸ்பைக் குறைவதற்கு வெட்டே தேவையில்லை. இன்குபேட்டரின் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடை விட்டுத் தட்டை வெளியே எடுத்துச் சிறிது நேரத்திலேயே, செம்மஞ்சளாக இருந்த வளர்ப்புத் திரவம் காரத்தன்மை ஏறி ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும்; அதனாலேயே துடிப்பின் போக்கு மாறிவிடலாம். சூடு 37 டிகிரியிலிருந்து இறங்கினாலும் அப்படித்தான். அதனால் இன்னொரு தட்டை அதே நேரம் வெளியே வைத்து, செல் இல்லாத இடத்தில் அதே எண்ணிக்கையில் லேசர் துடிப்புகளைச் செலுத்தி ஒப்பிட வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஒப்பீட்டுத் தட்டு இல்லாத சோதனைக்கு லேசரைத் தொடவே விடக்கூடாது. மின்முனையின் மேல் ஒளி விழுந்தாலே ஒரு போலி மின்னழுத்தம் பதிவாகிவிடும் என்பதால், வெட்டும் கோட்டை மின்முனைகளிலிருந்து விலக்கிப் போடுவதும், சுடும் நேரத்துப் பதிவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் இதோடு சேர்ந்தவை.

நாட்கள் சென்றபின் இரண்டு பாதிகளும் மறுபடி சேர்ந்து துடித்தால், வெட்டைத் தாண்டி இழைகள் வளர்ந்துவிட்டன என்று உடனே எழுதத் தோன்றும். ஆனால் கண்ணாடியின் பூச்சும் லேசரில் சேர்ந்து போயிருந்தால், இழைகள் ஒட்டிப் படர அங்கே பிடிமானமே இருக்காது. அதே கோட்டில் இரண்டாம் முறை வெட்டிப் பார்ப்பதுதான் வழி: ஒத்திசைவு மீண்டும் அறுந்தால் புதிய இழைகளே அதைத் தாங்கியிருந்தன, அறாமல் நீடித்தால் முதல் வெட்டில் தப்பிய பாதை எங்கோ இருக்கிறது, தட்டின் விளிம்பு நெடுகிலும் நுண்ணோக்கியை நகர்த்தித் தேட வேண்டியதுதான்.