முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு

ஜூன் 9
அம்மாவின் சிறுநீரகத்தை எனக்கு வைத்தபின் ஹீமோகுளோபின் 6.3. ரத்தம் ஏற்றலாமா வேண்டாமா என்று மாலை வரை முடிவாகவில்லை.

ஜூன் 10
ஏற்றிவிட்டார்கள். எழுந்து நின்றாலே கண் இருட்டிக்கொண்டு வந்தது, வேறு வழியில்லை. பையில் ஓ பாசிட்டிவ், எடுத்த தேதி, காலாவதித் தேதி. அதன் கீழே குழாயில் தட்டையான வெள்ளை வட்டம், வெள்ளணு வடிகட்டி. சிவப்பு அதில் மெல்ல ஊறி மறுபக்கம் சொட்டியது. நர்ஸ் முதல் பதினைந்து நிமிடம் நகரவே இல்லை. குளிரும் காய்ச்சலும் வரவில்லை.

வடிகட்டி எல்லாவற்றையும் பிடித்துவிடாது. தன்னுடையது எது, அந்நியம் எது என்று உடல் பிரித்தறியும் புரத அடையாளமான எச்.எல்.ஏ. தட்டணுக்களில் உண்டு, சிவப்பணுக்களிலும் கொஞ்சம் உண்டு.

ஜூன் 11
அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் ஒரே கேள்வி: "ஒன்றுக்கு நன்றாகப் போகிறதா?"

ஜூன் 12
தூக்கமில்லை. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடம்தான் மாற்றுச் சிறுநீரகம் அதிக காலம் நிலைக்கிறது என்று 1973இல் ஓபல்ஸும் டெராசாகியும் எழுதினார்கள். அதுவரை பயந்து தவிர்த்தவர்கள், பிறகு அறுவைக்கு முன் வேண்டுமென்றே ஏற்றினார்கள். 1980களில் நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்ததும் அந்த ஆதாயம் மங்கிப்போனது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசி வந்தபின் தேவையும் குறைந்தது. மிஞ்சியது, அந்நிய எச்.எல்.ஏ.வுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி, அது மாற்றுச் சிறுநீரகத்தையும் தாக்கிவிடுமோ என்ற பயம்தான்.

இரண்டு பிள்ளை பெற்றவள் நான். கர்ப்பம் ஒருமுறை உசுப்பிவிட்ட உடலை ரத்தம் எளிதில் மறுபடி உசுப்பிவிடும். அம்மாவின் எச்.எல்.ஏ.யில் பாதி எனக்கும் இருக்கிறது. மீதிப் பாதியில் ஏதாவது ஒன்று அந்தப் பையிலும் இருந்திருந்தால்? கொடையாளியின் அணுக்களை என் ரத்தம் எதிர்க்கிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் நெகட்டிவ்தான். ஆனால் அது அறுவைக்கு முன் எடுத்த ரத்தம் சொன்ன பதில்.

ஜூன் 14
சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 1.2. நிம்மதி.

ஜூன் 20
1.5. தண்ணீர் குறைந்துவிட்டதா, நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் கூடிவிட்டதா, இல்லை அதுதானா? கொடையாளிக்கு எதிரான எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தார். முகத்தைப் பார்த்தேன்; ஒன்றும் தெரியவில்லை. "ஒரு பாட்டில் ரத்தத்துக்கு இவ்வளவு யோசிக்கிறாயே" என்கிறார் இவர். யோசிக்காமல் எப்படி இருப்பது? உள்ளே இருப்பது அம்மாவுடையது. இன்னொன்று கொடுக்க அவளிடம் இல்லை.

ஜூன் 21
ரத்தம் கொடுத்தவர் யாரோ. ஏதாவது முகாமில் கையை நீட்டிவிட்டு, பழச்சாறு குடித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் கொடுக்காவிட்டால் குளியலறை வரைகூட நடந்திருக்க மாட்டேன். நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 22
டாக்ரோலிமஸ் அளவு கூடுதலாம், மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். கிரியேட்டினின் ஏறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம். ஹீமோகுளோபின் 8.1.

ஜூன் 23
அம்மா மூன்று முறை போன் செய்துவிட்டாள். நன்றாகப் போகிறது என்றேன்.

ஜூன் 25
பாதி முடிவுதான் வந்திருக்கிறது. எச்.எல்.ஏ.யில் இரண்டு வகுப்பு; முதல் வகுப்புக்கு எதிரான எதிர்ப்பொருள் நெகட்டிவ். புதிதாக முளைக்கும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பில்தான், அதிலும் டி.க்யூ. என்ற வகைக்கு எதிராக. அது நாளைக்கு.