ஹகாட்டாவில் ஒரு கிண்ணம் ராமென்

ஜப்பானின் ஃபுகுவோகா நகரில், ஹகாட்டா பகுதியிலுள்ள சிறிய ராமென் (சூடான சாற்றில் பரிமாறும் நூடுல்ஸ்) கடைகளில், வாசலோரத்து இயந்திரத்தில் பணம் செலுத்திப் பெற்ற சீட்டை நீட்டியதும், நூடுல்ஸ் எவ்வளவு விறைப்பாக வேண்டும் என்று கேட்பார்கள். நடுவில் சற்றே கடிபடும் பதத்தையே நான் எப்போதும் விரும்பிக் கேட்கிறேன். பன்றி எலும்புகளைப் பல மணி நேரம் கொதிக்கவிடுவதால், மஜ்ஜையும் கொழுப்பும் கரைந்து பால்போல் வெளுத்த சாறு வருகிறது. பன்றி எலும்புச் சாற்று ராமென் 1937இல் அருகிலுள்ள குருமே நகரின் தெருவோரக் கடையொன்றில் தொடங்கியது.

மெல்லிய நூடுல்ஸ் விரைவில் ஊறிக் குழைந்துவிடும் என்பதால், முதலில் குறைவாகவே பரிமாறி, சாறு மீதமிருக்கையிலேயே ‘கயேதாமா’ என்று கேட்பவருக்கு நூடுல்ஸை மட்டும் மறுபடியும் இடுகிறார்கள். நாகஹாமா மீன்சந்தைத் தொழிலாளர்களின் அவசரத்துக்கு ஈடுகொடுக்கப் பிறந்த இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அப்போது சாறு சற்று நீர்த்திருக்கும். மேசையிலுள்ள சுவைச்சாற்றைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

சிவப்பு இஞ்சி ஊறுகாயைத் தொடக்கத்திலேயே போட வேண்டாம் என்பது என் கருத்து. அதன் புளிப்பும் இளஞ்சிவப்பு நிறமும் நொடியில் பரவி, எலும்புச் சாற்றின் மென்மையான இனிப்பை மறைத்துவிடுகின்றன. வறுத்த எள்ளை எப்போது வேண்டுமானாலும் தாராளமாகத் தூவலாம்.