அப்பாவின் தகரப் பெட்டி ரெயூனியோனில்

பாண்டிச்சேரியில் எங்களுடையது சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர் வீடு. 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுத்தார். அவருடைய கூட்டாளிகளில் சிலர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, கிழவர்களான பிறகும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அப்பா எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட்டதில்லை. ஜிபூத்தியில் இருந்தபோது போட்ட தடுப்பூசி அட்டை முதல் எங்கள் மூவரின் பிறப்புச் சான்று வரை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. மடிப்பில் கிழியும் என்று எந்தத் தாளையும் நாலாக மடிக்க விடமாட்டார். "கறிக்கடைச் சீட்டும் உள்ளே இருக்கும் பாரு" என்று அக்கா கேலி செய்வாள்.

நானும் கணவரும் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனுக்கு வந்து சேன்-அந்த்ரே ஊரில் குடியேறியபோது அந்தப் பெட்டியில் பாதி எங்களோடு வந்தது. இங்கே வாடகை வீட்டுக்கு ஒரு தோசியே (காகிதக் கட்டு), பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒரு தோசியே, மருத்துவக் காப்பீட்டுக்கு இன்னொன்று. ஓர் அலுவலகத்தில் இருந்த அம்மாள் என் பெயரை இரண்டு தரம் படித்துவிட்டு, இதில் குடும்பப் பெயர் எது என்றார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கே தாளில் ஆளுக்கொரு 'நோம்', அதாவது குடும்பப் பெயர், இருக்கிற வீடுகள் பாண்டிச்சேரியில் உண்டு. அப்பா இதை முன்கூட்டியே யோசித்து, மூவருக்கும் தன் பெயரே நோமாக வரும்படி நின்று பதிய வைத்திருந்தார். குடும்பப் பதிவுப் புத்தகமான லிவ்ரேயை எடுத்து மேசையில் வைத்தேன். அந்த அம்மாளுக்கு அதுவும் போதவில்லை. பிரான்சின் நான்த் நகரிலிருந்து பிறப்புப் பதிவின் புதுப் பிரதி வேண்டுமாம். வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவெல்லாம் அங்கேதான் இருக்கிறது. எதைக் குறிப்பிட்டு எழுத வேண்டும் என்பதைக்கூட அப்பா லிவ்ரே உறையின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அன்றைக்கு அவரோடு சண்டை போட வேண்டும் போல இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் மல்பார்கள். தமிழ் வழி வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பெயரின் முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி ராமசாமி. தமிழ் பேச வராது. இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரெயோலை நான் பழகியது அவர்கள் வாசலில்தான். அவர்களுடைய அப்பா கரும்பு போட்டவர். அறுவடை மாதங்களில் புவா-ரூழ் சர்க்கரை ஆலைக்கு வண்டி ஓட்டி ஓட்டியே முதுகு போனது என்பார்கள். அவர் விட்டுப்போன காகிதம் என்று பார்த்தால் ஒரு சாவுச் சான்றும் சில ரசீதுகளும்தான். முன்னோர் காரைக்காலில் கப்பல் ஏறினார்கள் என்பது மட்டும் வாய்வழியாக வந்திருக்கிறது. 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கில் வந்து, இங்குள்ள கிராந்த் ஷலூப் முகாமில் நோய்ப் பயத்தால் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டவர்களில் அவர்களும் இருந்திருக்கலாம். பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ராமசாமிக்கே எத்தனை எழுத்துக்கூட்டல்! சேன்-தெனி ஆவணக் காப்பகத்துக்கு அந்த வீட்டு அண்ணனோடு நானும் போகிறேன். எழுத்துக்கூட்டலை ஊகிக்க என் தமிழ் கொஞ்சம் உதவுகிறது. இன்னும் சரியான ஆள் அகப்படவில்லை.

அவர்கள் வீட்டுச் சம்ப்ளானிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நம் படையல்தான். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் வைக்கிறார்கள்: ஆட்டுக்கறி மசாலே, முருங்கைக்கீரை, இந்த ஊர் ஷாரெத் ரம் ஒரு கிளாஸ், பற்றவைத்த சிகரெட். "உங்கள் அப்பா படத்தையும் கொண்டு வா" என்றார் அண்ணி. சரி என்று வந்துவிட்டேனே தவிர, இலையில் என்ன வைப்பது என்பதில் மூன்று ஊர்களுக்கிடையே தொலைபேசியில் பஞ்சாயத்து. அப்பாவுக்கு உயிர் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. இங்கே சுனூக் என்று உப்பும் புகையும் போட்ட மீன் கிடைக்கிறது, அதில் வைத்தேன். வாசனை வேறு மாதிரிதான் இருந்தது. ரிக்கார் என்கிற சோம்பு மணமுள்ள பிரெஞ்சு மது வைக்கலாமா என்றால், பாரிஸ் பக்கத்திலிருந்து அக்கா கூடவே கூடாது என்றாள். பாண்டியிலிருந்து தம்பி, "அவர் குடிக்காத மாதிரி பேசாதே அக்கா" என்றான். வைத்தேன். அவருக்குப் பிடித்த அளவுக்குத் தண்ணீர் கலந்து.

தம்பி அடுத்த மாதம் இங்கே வருகிறான். பெட்டியின் மீதிப் பாதியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். லக்கேஜில் போடாதே, கையிலேயே வைத்துக்கொள், எதையும் மடிக்காதே என்றேன். "சரிங்கப்பா" என்றான்.