பாபநாசத்திலிருந்து வலப்பக்கம்

முதல் உலகத்தைக் கடைசியில்தான் செய்வோம். பிளாட்பார்ம் விளையாட்டு, அதாவது ஓடிக் குதித்துத் தாண்டிப் போகும் வீடியோ கேம், செய்கிறவர்களில் பலருக்கும் இதுதான் வழக்கம். சில கட்டங்கள் சேர்ந்தது ஒரு உலகம். கதாநாயகன் எவ்வளவு உயரம் எம்புவான், ஆடுகிறவர் எந்த இடத்தில் திணறுவார் என்பதெல்லாம் பின்னால் வரும் உலகங்களைக் கட்டி முடித்த பிறகுதான் நமக்கே பிடிபடும். அதற்கப்புறம்தான், ஒன்றுமே தெரியாமல் வந்து நிற்கிற ஆளுக்கு முதலில் எதைக் காட்டுவது என்று யோசிக்க முடியும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் கட்டத்தையும் மற்றவை உருவான பிறகே செய்ததாக அதை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ சொல்லியிருக்கிறார்.

நான் லெவல் டிசைனர், விளையாட்டின் கட்டங்களை வடிவமைக்கிறவன். பெங்களூரில் சில வருஷம் இருந்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் வீட்டு மாடியிலிருந்து வேலை. வெளிநாட்டு வெளியீட்டாளர் ஒருவருக்காக எங்கள் சின்னக் குழு செய்த விளையாட்டில் கதாநாயகன் ஒரு கீரிப்பிள்ளை, இடம் தென்தமிழ்நாடு. தேரிக்காடு, உப்பளம், காற்றாலைகள் நிற்கும் பொட்டல் எல்லாம் முடிந்திருந்தன. மிச்சம் இருந்தது முதல் உலகம், அதாவது தாமிரபரணி.

வெளியீட்டாளர் தரப்பிலிருந்து மாதிரிப் படங்கள் வந்தன. குவிமாட அரண்மனை, பட்டு போர்த்திய யானை, மகுடி ஊதும் பாம்பாட்டி. பாம்பாட்டியை எடுத்துவிடச் சொன்னேன், உடனே எடுத்துவிட்டார்கள். கீரிப்பிள்ளை இருக்கும் கதையில் பாம்பாட்டிக்குப் பிழைப்பில்லை என்று நான் சொன்னதில் அவர்களுக்கும் சிரிப்பு. அரண்மனையை எடுக்கத்தான் நேரம் ஆனது. ‘பார்த்ததும் இந்தியா என்று தெரிய வேண்டாமா’ என்றார்கள். பார்த்ததும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்தால் போதும், நாட்டைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி.

அந்த விஷயத்தில் ஆறே எனக்கு உதவிக்கு வந்தது. இந்த வகை விளையாட்டுகளில் ஆள் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் ஓடுவான். வடக்கை மேலே வைத்து வரைபடத்தை விரித்தால் தாமிரபரணியும் அப்படித்தான் ஓடுகிறது. இடது ஓரத்தில் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் மலை. பொதிகையில் பிறந்து, பாணதீர்த்தத்தில் விழுந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி என்று கிழக்கே வந்து புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. தண்ணீர் போகிற பக்கம் போனால் சரி, அம்புக்குறி எதற்கு? இந்தப் பக்கத்து ஆட்கள் பேச்சிலேயே திசை இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் ‘கொஞ்சம் மேக்க தள்ளி உக்காரும்’ என்பார்கள். மேற்கு எது என்று யாரும் யோசிப்பதில்லை, அங்கேதான் மலை நிற்கிறதே.

வரைய உட்காருவதற்கு முன்னால் மாரியோவின் முதல் கட்டத்தை மறுபடி மறுபடி ஆடினேன். விளையாடுவது வேலையா என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லி ஜெயித்ததில்லை. பின்னணியில் பச்சைக் குன்றுகள், மேகங்கள், புதர்கள். மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டில் அடங்க வேண்டியிருந்த காலம் அது. அந்தப் பின்னணி மூன்று திரை அகலத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வரும். ஆகவே குன்றைப் பார்த்து ‘இன்ன இடத்தில் இருக்கிறேன்’ என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஆடியவர்களுக்கெல்லாம் வழி மனப்பாடம். ஏனென்றால் அடையாளங்கள் முன்னால் நிற்கின்றன, காலில் இடிக்கின்றன. கேள்விக்குறி போட்ட முதல் பெட்டி, எதிரே நடந்துவரும் கூம்பா என்ற காளான் போன்ற எதிரி, உயரம் கூடிக்கொண்டே போகும் பச்சைக் குழாய்கள், நான்காவது குழாய்க்குள் இறங்கினால் நாணய அறை, அப்புறம் முதல் பள்ளம், கடைசியில் உயரமான படிக்கட்டு, கொடிக்கம்பம், சின்னக் கோட்டை. ஒவ்வொன்றும் ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் வழிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கொடிக்கம்பத்துக்குச் சற்று முன்னால் வரும் இரண்டு ஜோடிப் படிக்கட்டுகள். முதல் ஜோடிக்கு நடுவே வெறும் தரை. தவறினால் ஒன்றும் ஆகாது, ஏறி மறுபடி குதிக்கலாம். அடுத்த ஜோடிக்கு நடுவே பள்ளம். குதி அதேதான், தவறினால் உயிர் போகும். ஒரு வார்த்தை எழுதாமல் பயத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

அதற்கு நம்மிடம் படித்துறை இருக்கிறது. பாபநாசத்தில் தொடங்கி ஆற்றங்கரை நெடுகப் படித்துறையும் கல்மண்டபமும்தான். முதல் இரண்டு படித்துறைகளுக்கு நடுவே முழங்கால் தண்ணீர் வைத்தேன். விழுந்தால் கீரி நனையும், உடம்பை உதறிக்கொண்டு எழுந்துவிடும். அடுத்த இரண்டுக்கு நடுவே சுழி. பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி போட்டால் மீன்கள் மொய்க்கும் அல்லவா? அந்த மீன்கூட்டத்தின் முதுகில் மிதித்துத் தாண்டலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். கோயில் மீனை மிதிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். மீன்கள் கூடி நிற்கும் இடம் ஆழம் என்று மட்டும் வைத்துக்கொண்டோம். ஆடுகிற பிள்ளைகள் இரண்டாவது முறையிலேயே அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மிதிப்பது பற்றிய தகராறு அதோடு முடியவில்லை. பிளாட்பார்ம் விளையாட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மேல்பக்கம் தட்டையாக எது தெரிந்தாலும் ஆடுகிறவர் ஏறிப் பார்த்தே தீருவார். எங்கள் ஓவியர் கோயம்புத்தூர்க்காரர், இளவட்டம். நான் அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு உற்சாகமாகக் கூப்பிட்டார்.

“அண்ணா, வயலுக்குள்ள வெள்ளை அடிச்ச தூணு ஒண்ணு நிக்குது பாருங்க, அருமைங்க. மேல போகப் போகச் சிறுத்துக்கிட்டே போகுது. வரிசையா நாலு வெச்சா அழகாத் தாண்டிப் போயிரலாங்க.”

“அது தூண் இல்ல தம்பி. சுடலைமாடன்.”

“சாமிங்களா? சிலையே இல்லீங்களே?”

“பீடம்தான் சாமி.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “நல்லவேளை கேட்டேனுங்க” என்றார். கொடை என்ற கோயில் திருவிழா நாளில் அந்தப் பீடத்துக்கு முன்னால் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் விடிய விடிய நடக்கும். அதன் தலையில் கீரிப்பிள்ளை குதித்தால், விளையாட்டு வெளிவந்த மறுநாள் நான் தெருவில் நடமாட முடியாது. சட்டமோ சர்ச்சையோ அப்புறம். முதலில் எனக்கே மனசு ஒப்பவில்லை.

இப்படித்தான் எங்கள் முதல் உலகம் இரண்டாகப் பிரிந்தது, தொடலாம் என்பவை ஒரு பக்கம், பார்க்க மட்டும் என்பவை இன்னொரு பக்கம். திரையில் காட்சி பல அடுக்காக இருக்கும். பின்னால் போகப் போக அடுக்கு மெதுவாக நகரும், அதனால் தொலைவு என்ற உணர்வு வரும். பாரலாக்ஸ் என்போம். பீடம், நெல்லையப்பர் கோயில் கோபுரம், தேவாலயம், தர்கா எல்லாம் பின்னடுக்குக்குப் போயின. முன்னடுக்கில் வைக்கோல் படப்பு, மாட்டுவண்டி, மினிபஸ் கூரை, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, பனை. பனைக்கு மட்டும் தனி ஏற்பாடு. கீரி காலில் தளைநார் மாட்டிக்கொண்டுதான் ஏறும். அந்த அசைவைச் சரியாகக் கொண்டுவர ஒரு பனையேறி அண்ணாச்சியைப் படம்பிடித்து அனுப்பினேன். ஓவியர் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். இந்த உலகத்திலேயே அழகான அசைவு அதுதான் என்பேன்.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. தெருப் பிள்ளைகளைக் கூட்டி ஆடவிட்டுப் பார்த்தபோது பின்னடுக்கை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் முழுக்கக் கீரியின் காலில். மாதக்கணக்கில் வரைந்த கோபுரத்தை நொடியில் கடந்து போனார்கள். பின்னால் நிற்கிற ஒன்றுக்கு வேலை இல்லாவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் திரைச்சீலைதான். அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

குறுக்குத்துறை அப்படித்தான் உள்ளே வந்தது. ஆற்றுக்குள் பாறைமேல் இருக்கும் முருகன் கோயில். வெள்ளம் வரப்போகிறது என்றால் உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோயில் பாட்டுக்கு முங்கும், தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜை தொடங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் முங்கத்தான் செய்தது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் இந்த ஊரில் கன அடி சொல்ல மாட்டார்கள், ‘குறுக்குத்துறைல மண்டபம் வரைக்கும் வந்துட்டு’ என்பார்கள். எங்கள் முதல் உலகத்தின் இரண்டாவது கட்டத்தில் அணை திறந்து தண்ணீர் ஏறும். மாரியோவின் முதல் கட்டத்தில் 400-இலிருந்து குறையும் கடிகாரம் திரையின் மேல் மூலையில் இருக்கும். எங்களுக்குக் கடிகாரமே கிடையாது. பின்னால் கோயில் தெரியும். படி முங்கினால் இன்னும் நேரம் இருக்கிறது, மண்டபம் முங்கினால் ஓட வேண்டும், கோபுரம் மட்டும் தெரிந்தால் பனையைத் தேட வேண்டும். இப்போது பிள்ளைகள் நொடிக்கு ஒருதரம் கோயிலைப் பார்த்தார்கள். கீரி அதைத் தொடவே இல்லை.

ஈரடுக்குப் பாலத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. 1991-இல் வந்த சோனிக் என்ற விளையாட்டின் முதல் உலகம் கிரீன் ஹில். கட்டம் போட்ட பழுப்பு மண், பனையைப் போன்ற மரங்கள், அருவி, தலைகீழாக ஓடவிடும் வளையம். அங்கே மேல்வழி, கீழ்வழி என்று இரண்டும் சேர்ந்தே ஓடும். திறமைசாலி மேலேயே போய்விடுவான், தவறியவன் கீழே விழுந்து மெதுவாகப் போவான், ஆனால் சாகமாட்டான். திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே அதே அமைப்பை ஈரடுக்குப் பாலமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். எடுத்து வைத்துவிட்டோம்.

அதை அடுத்து சுலோசன முதலியார் பாலம். 1843-இலிருந்து நிற்கிறது, பெயருக்குரியவர் சொந்தப் பணத்தைக் கொடுத்து எழுப்பியது. ஆறு இங்கே வடக்கே திரும்புவதால், திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பாலம் மேற்கு கிழக்காகக் கடக்கிறது. கீரியின் ஓட்டத்துக்கு ஒரு வளைவுகூடத் திருத்த வேண்டியதில்லை. அக்கரையில் உலகம் முடிகிறது.

முடிவு எங்கே என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதை நான் கற்றது 1996-இன் சூப்பர் மாரியோ 64-இல். அதன் முதல் உலகத்தில் ஒரு மலை, உச்சியில் வெடிகுண்டு உருவத்தில் ராஜா பாப்-ஆம். பாதை மலையைச் சுற்றி ஏறும், மேலிருந்து இரும்புக் குண்டுகள் உருண்டு வரும், கீழே செயின் சாம்ப் என்ற, சங்கிலியில் கட்டிய பல்லுள்ள உருண்டை உறுமும். எங்கே சுற்றித் திரிந்தாலும் மலை எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும். எங்களுக்கு அந்த மலை இடப்பக்கம் இருக்கிறது, விட்டுவிட்டு வந்த இடம். வலப்பக்கம் ஒன்று வேண்டும். பாளையங்கோட்டையில் 1826-இல் எழுந்த தூய திரித்துவப் பேராலயம், ஊரார் சொல்லும் ஊசிக் கோபுரம், அதற்கு வாகாக அமைந்தது. சேரன்மகாதேவி தாண்டியதும் வலது ஓரத்தில் முள்ளளவு தெரியும், போகப் போக வளரும். அதே வேகத்தில் பொதிகை சிறுத்துக்கொண்டே வரும்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பாபநாசம் தடத்தில் பல வருஷம். அவர் கையில் கண்ட்ரோலரைக் கொடுத்தேன். கீரி நான்குமுறை சுழியில் போனபிறகும் விடவில்லை. சேரன்மகாதேவி வந்ததும் நிறுத்தினார்.

“ஏம்டே, சேரன்மாதேவிலேர்ந்து ஊசிக் கோபுரம் தெரியுமாடே?”

“தெரியாது அண்ணாச்சி. கேம்ல தெரியும்.”

“குறுக்குத்துறைல படி முங்குனா மண்டபம் முங்கும்னு சரியா வச்சிருக்க. இதுல மட்டும் பொய் சொல்லுத?”

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் நான் மாற்றவில்லை. தொலைவைச் சுருக்காமல் ஒரு உலகத்தை இருபது நிமிஷத்தில் ஓடி முடிக்க முடியாது. ஊர்களின் வரிசை கலையவில்லை, திசை பிசகவில்லை, அதற்குமேல் சுருக்கலாம் என்பது என் கணக்கு. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாலம் வரை ஆடினார்.

கடைசியில் வெளியீட்டாளர் ஒன்றைக் கேட்டார். மலை, ஆறு, கோபுரம் எல்லாம் சரி, எதற்கும் ஒரு வழிகாட்டிப் பலகை வேண்டும், அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறலாம் என்றார். வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒன்றே ஒன்று வைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டு, முக்கூடல் போகும் விலக்கில் நெடுஞ்சாலைத் துறையின் பச்சைப் பலகை ஒன்றை நட்டோம். நம் ஊர்ப் பலகைகளின் வழக்கப்படி அதில் முக்கால்வாசியை ஒரு போஸ்டர் மூடியிருந்தது. அம்புக்குறியின் நுனி மட்டும் வெளியே தெரியும். அவர்களுக்குப் போஸ்டர் ரொம்பப் பிடித்துவிட்டது, மற்ற உலகங்களிலும் ஒட்டச் சொன்னார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். சுடலைமாடன் கோயில் கொடை அழைப்பு என்றேன். தேதியை மட்டும் வருஷம் போடாமல் விட்டிருக்கிறோம்.