கன்று விழுந்த பிறகு

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் மாட்டு வைத்தியத்துக்குப் போக ஆரம்பித்த புதிதில், கன்று தரையில் விழுந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவேன். ஈன்ற மாட்டுக்கு முதல் 72 மணி நேரம்தான் ஆபத்து என்று வேப்பேரி கல்லூரியில் படித்தது பரீட்சையோடு போயிருந்தது.

கொடுங்கையூரில் ஒரு ஆயா வீட்டு ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈற்று. சாயங்காலமே வாலடியில் குழி விழுந்து, மடி இறுகியிருந்தது. இரவு ஒன்பதுக்குக் கிடேரிக் கன்று. தொப்புளில் அயோடின் வைத்து, அரை மணிக்குள் சீம்பால் குடிக்க வைத்தோம். நஞ்சுக்கொடியும் தானாகவே விழுந்தது. ஊரில் அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். இந்தத் தெருவில் புதைக்கவே இடம் தேட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை போன். "மாடு எய்ந்துக்கவே மாட்டேங்குது டாக்டரே, கொஞ்சம் வந்து பாருப்பா."

கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. ரத்தத்தில் கால்சியம் குறைந்து வருகிற நோய். பெயர்தான் பால் காய்ச்சல், காதைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. தெருவில் ஆளாளுக்குச் சீம்பால் கேட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் மடியை ஒட்டக் கறந்து ஏழு வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. ரத்தத்திலிருந்த கால்சியம் பாலோடு போய்விட்டது. போதாததற்கு, சினையின் கடைசி மாதம் முழுக்கக் கால்சியம் டானிக் வேறு. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து எடுக்கிற பழக்கம் உடம்புக்கு மந்தமாகிவிடும். இதில் ஆயாவை என்ன சொல்வது? நான் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லையே.

அவர் மகன் மாட்டின் வாயில் ஊற்ற, மூங்கில் குழாயில் வெல்லத் தண்ணீரோடு நின்றான். பிடுங்கி வைத்தேன். விழுங்க முடியாத மாட்டுக்கு ஊற்றினால் நுரையீரலுக்குத்தான் போகும். கால்சியம் பாட்டிலை வெந்நீர் வாளியில் போட்டுச் சூடாக்கி, கழுத்து நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினேன். ஒரு கையில் பாட்டில், ஸ்டெதஸ்கோப் நெஞ்சில். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும்.

முக்கால் பாட்டில் இறங்கியபோது தோள் சதை நடுங்கியது. ஒரு ஏப்பம். அப்புறம் சாணி போட்டது. அதைப் பார்த்துத்தான் ஆயா அழுதார். அரை மணியில் மாடு எழுந்து கன்றைத் தேடியது.

அடுத்த ஈற்றுக்குப் போனபோது டானிக் இல்லை, இரண்டு நாளைக்கு ஒட்டக் கறக்கவும் இல்லை. தெருவுக்குச் சீம்பால் கிடையாது என்று சொல்லிவிட்டாராம். எனக்கு மட்டும் ஒரு கிண்ணம், வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து எடுத்து வைத்திருந்தார்.