லெச்சுமியோட மக

விடியக்காலை 5 மணி. பெரட்டுக்கு, அதான் தேயிலைத் தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் குடுக்குற இடத்துக்கு, போறதுக்கு முன்ன அம்மா ரெண்டு மாட்டையும் கறந்து முடிச்சாகணும்.

லெச்சுமி காம்பைத் தொட்டாலே வாளி நிறையும். பக்கத்துல நிக்கிற கறுப்பிகிட்ட கை கடுத்துப் போகும். அதே புல்லு, அதே தவிடு, அதே கை.

இன்னிக்கு லெச்சுமியோட மகள நான் கறந்தேன். முதல் ஈத்து. நாலாவது இழுப்புலயே நுரை பொங்கிருச்சு.

"ஆத்தாள மாதிரியேடா"ன்னு அம்மா சிரிச்சாங்க.

உண்மைதான். காம்பு நுனியில ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளத்துல ஒரு சின்னத் துவாரம். அதைச் சுத்தியுள்ள தசை எவ்வளவு இறுக்கமோ, அதுக்கேத்த மாதிரிதான் பால் வரும். இது ஓரளவு பரம்பரையா வர்றது. தாய் மட்டுமில்ல, ஒரு சொட்டுப் பால் குடுக்காத காளையும் இதை மகளுக்குக் குடுக்குது!

ரொம்ப இளகினாலும் ஆபத்து. பால் தானா ஒழுகும், கிருமி ஏறி மடிவீக்கம் வரலாம்.

காளையோட விந்தை வச்சு மாட்டுக்குச் சினை ஊசி போட வர்றவர்கிட்ட நாம பால் எத்தனை லீட்டர்னு மட்டும்தான் கேக்குறோம்.

அம்மாவோட விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கு. பகல் முழுக்கக் கொழுந்து, காலையும் மாலையும் காம்பு.

கறுப்பிக்கு அடுத்த ஊசி போடுறப்போ, அந்தக் காளையோட மகளுங்க எப்படிக் கறக்குதுன்னு கேக்கப் போறேன்.